சிரசு ஊர்வலமும் பென்சில் ஆஸ்பத்திரியும்: ஒரு ஈராசிரியர் பள்ளியில ஒரு வருஷம்

மொதல்லயே சொல்லிடறேன், இது நான் பண்ண வேலை இல்ல. பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் பண்ணத பத்து மாசம் பாத்து, பாதி நாள் மனசுக்குள்ள திட்டி, மீதி நாள் நோட்டு போட்டு எழுதி வெச்சது. பசங்க பேரு, ஊர் பேரு, பள்ளி பேரு எதுவும் வராது, டீச்சரும் என் பேரு வேணாம் சார்னுட்டாங்க.

பள்ளி குடியாத்தம் பக்கம், ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி. மொத்தம் 50 பசங்க, ரெண்டு வாத்தியார். கல்வி உரிமைச் சட்டத்துல 60 பசங்க வரைக்கும் ரெண்டு பேர் போதும்னு இருக்கு, அதனால பேப்பர்ல கணக்கு சரியாத்தான் இருக்கும், ஆனா வகுப்பு அஞ்சு இருக்கே அத யாரு கேக்கறது. நான் ஹெச்.எம் வேலையும் பாத்துக்கிட்டு நாலு அஞ்சாவது எடுப்பேன், ஒன்னு ரெண்டு மூணாவது சேத்து 31 பேர் இன்னொரு டீச்சருக்கு. ஒரே ஹால், நடுவுல ரெண்டு பீரோவும் ஒரு பழைய டிவி பொட்டியும்தான் சுவரு. அங்க ஒருத்தன் தும்முனா இங்க நாப்பது கண்ணு திரும்பும். அம்மாங்க முக்காவாசி பேர் வீட்ல முறத்த மடியில வெச்சு பீடி சுத்துறவங்க, அப்பாங்க தறியில லுங்கி நெய்யறவங்க, கொஞ்சம் பேர் விடியக்காலை வேன் ஏறி ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு போறவங்க. வீட்ல தெலுங்கு பேசற பசங்க ஒரு ஏழெட்டு, உருது பேசற பசங்க மூணு.

2023 மே மாசம் பழைய டீச்சர் ரிட்டையர் ஆனாங்க. அவங்க இருந்த வரைக்கும் பாடம் நடக்கறப்ப அந்தப் பக்கம் சத்தமே வராது, ஏன்னா எல்லாருக்கும் பயம். புதுசா வந்தவங்க அணைக்கட்டு ஒன்றியத்துல மலை மேல ஒரு பள்ளியில ஏழு வருஷம் இருந்துட்டு டிரான்ஸ்பர் வாங்கி எறங்கினவங்க, வயசு முப்பத்தஞ்சு இருக்கும், குரலே வெளிய வராது. எனக்கு பாத்ததும் பக்குனு ஆச்சு, இவங்க குரல வெச்சு இந்த 31 பேர எப்படி கட்டி மேய்க்கறதுன்னு.

அந்த வருஷம் வெயில் அடங்கவே இல்ல, பள்ளி தொறக்கறத தள்ளி தள்ளி கடைசில தொடக்கப்பள்ளிங்கள ஜூன் 14-ல தொறந்தாங்க. வைகாசி ஒன்னாந்தேதி கெங்கையம்மன் சிரசு, அதாவது அம்மன் தலைய ஊர்வலமா கோவிலுக்கு தூக்கிட்டு போற எங்க குடியாத்தம் திருவிழா, முடிஞ்சு மாசம் ஒன்னாவுது, ஆனா எங்க பசங்களுக்கு அது முடியவே முடியாது. மொத நாள் காலைல பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தன் புத்தக பைய தலைல வெச்சிட்டு ஆடறான், அதான் சிரசு, ரெண்டு பேர் சத்துணவு தட்ட பம்பை மாதிரி அடிக்கறானுங்க, ஒரு ரெண்டாவது பாப்பா தலைய விரிச்சு போட்டு சாமி ஆடுது, மீதி பேர் பின்னாடி ஊர்வலம். புது டீச்சர் வாசல்ல செருப்ப கழட்டிட்டு இருந்தாங்க. நான் பிரம்ப எடுத்துட்டு கிளம்பிட்டேன். நான் பீரோவ தாண்டறதுக்குள்ள அவங்க உள்ள வந்து, சத்தம் எல்லாம் போடல, சிரசு தூக்குன பையன்கிட்ட கேக்கறாங்க.

"சிரசு எங்க போவுது?"

"கோவிலுக்கு மிஸ்."

"கோவில் எங்க கீது?"

அத அவன் யோசிக்கல. திருதிருன்னு முழிச்சான். அவங்க ஜன்னலுக்கு கீழ இருந்த அலமாரிய காட்டி, அதோ அதான் கோவில், சிரசு எறங்கட்டும்னாங்க. அவ்வளவுதான், தலைக்கு ஒரு சிரசா 31 பையும் ஊர்வலமா போய் அலமாரில உக்காந்துது, பம்பை சத்தத்தோட. பழைய டீச்சர் காலத்துல பை எல்லாம் காலுக்கடியிலதான் இருக்கும், அதுல தடுக்கி விழுந்து தெனம் ஒரு பஞ்சாயத்து வரும். இவங்க அத மொத ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டாங்கன்னு எனக்கு அன்னைக்கு புரியல, சின்ன பொண்ணு, பசங்களுக்கு இடம் குடுக்குது, நாலு நாள்ல தெரிஞ்சிக்கும்னு நெனச்சிட்டு பிரம்போட திரும்பி வந்துட்டேன்.

அந்த பிரம்ப பத்தி நேர்மையா சொல்லணும். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவு, பசங்கள அடிக்கவும் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாதுன்னு சொல்லுது, 2010 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கு, சர்க்குலர் எங்க பீரோவுலயே இருக்கு. நான் அடிக்கல, டேபிள்ல தட்டறேன், அவ்வளவுதான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். முட்டி போட வெச்சிருக்கேன், வெளிய வெயில்ல நிக்க வெச்சிருக்கேன், லீடர விட்டு போர்டுல பேசறவன் பேர எழுத சொல்லி, மறுபடி பேசுனா பக்கத்துல பெருக்கல் குறி போட சொல்லியிருக்கேன். இதெல்லாம் என்னா கணக்குல சேரும்? அதே பிரிவுலதான். ஆனா ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க, கேக்கறது என்னா, "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடு சார்"னு அவங்களே வந்து சொல்லிட்டு போவாங்க. இந்த ஒரு வார்த்தைய நம்பி எத்தனை வருஷம் ஓட்டியிருக்கோம்.

மொத வாரம் அவங்க ஒன்னுமே பண்ணல, எனக்கு எரிச்சலே அதுலதான் ஆரம்பிச்சுது. அந்தப் பக்கம் சந்தக்கடை. இவங்க பாடம் எடுக்கறாங்க, பசங்க கத்தறானுங்க, நடுநடுவுல ஒரு நாப்பது பக்க நோட்டுல என்னமோ எழுதறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெல் அடிச்சதும் நான் போய் கேட்டே புட்டேன், இன்னா டீச்சர், ஒரு வாரமா என் கிளாஸ் நடக்கல, நோட்டுல என்னா எழுதறீங்கன்னு. அவங்க நோட்ட காட்டுனாங்க. நாலு கட்டம். எத்தனை மணிக்கு கலாட்டா ஆரம்பிச்சுது, அதுக்கு சரியா முன்னாடி எது முடிஞ்சுது, அடுத்து எது ஆரம்பிக்கணும், மொதல்ல எழுந்தது யாரு.

நான் கடைசி கட்டத்ததான் மொதல்ல படிச்சேன், யாருன்னு. எல்லா வாத்தியாரும் அததான் படிப்போம். ரெண்டு மூணு பேர் திரும்ப திரும்ப வருவானுங்கன்னு பாத்தா, பதினாறு பேர் வெவ்வேற ஆளு. அப்புறம் அவங்க வெரல வெச்சு ரெண்டாவது கட்டத்த காட்டுனாங்க, சார் இத பாருங்க, பாடம் நடக்கறப்ப ஒன்னு கூட இல்லன்னு. வாஸ்தவம்தான். தமிழ் நோட்டு எடுத்து வெச்சிட்டு கணக்கு நோட்டு எடுக்கறப்ப, நோட்டு திருத்தறதுக்கு டேபிள சுத்தி நிக்கறப்ப, பென்சில் சீவறப்ப, மூணாவதுக்கு போர்டுல எழுதி போடறதுக்குள்ள ஒன்னாவது சும்மா இருக்கறப்ப, நாங்க ரெண்டு பேரும் போன்ல வருகைப்பதிவு போடறப்ப. எல்லாமே பசங்க எதுக்கோ காத்திருந்த நேரம்.

"சார், அவங்க கலாட்டா பண்ணல. சும்மா இருக்காங்க. சும்மா இருக்கற ஆறு வயசு புள்ள என்னா சார் பண்ணும்?"

எனக்கு சுருக்குனு பட்டுது, ஏன்னா இது நான் பி.எட் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்குன விஷயம். ஜேக்கப் கவுனின்னு அமெரிக்காக்காரர், காலேஜ்ல பாடம் எடுக்கறப்ப ஒரு மாணவன் பேப்பர் படிச்சிட்டு இருந்தத கண்டிச்சாரு, கண்டிச்சது அவன, ஆனா அடங்குனது கிளாஸ் மொத்தமும். அதுலேர்ந்து புடிச்சு, எப்படி கண்டிச்சா கிளாஸ் அடங்கும்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி, நெஜ வகுப்புங்கள வீடியோ எடுத்து பாத்தா, கடைசில 1970-ல அவர் எழுதுனது வேற மாதிரி. தப்பு நடந்தப்புறம் டீச்சர் எப்படி கண்டிக்கறாங்கங்கறதுல நல்ல கிளாஸுக்கும் மோசமான கிளாஸுக்கும் வித்தியாசமே தெரியல. வித்தியாசம் எல்லாம் தப்பு நடக்கறதுக்கு முன்னாடி, ஒரு வேலைலேர்ந்து அடுத்த வேலைக்கு தடங்கல் இல்லாம கொண்டு போறதுல, ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் கண்ணு வெச்சிருக்கறதுல. பத்து மார்க் கேள்வி அது எங்களுக்கு. எழுதிட்டு மறந்தாச்சு. டீச்சருக்கு அந்த பேர் எல்லாம் தெரியாது, மலையில ஒத்த ஆளா அஞ்சு வகுப்ப எடுத்ததுல தானா வந்தது.

அதுக்கப்புறம் அவங்க பசங்கள திருத்தறதுல எறங்கல, காத்திருக்கற நேரத்த ஒன்னொன்னா அடைக்க ஆரம்பிச்சாங்க. வாரத்துக்கு ஒன்னுதான், அதுக்கு மேல வேணாம்னு வெச்சிருந்தாங்க.

மொதல்ல பென்சில். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு சிரிப்பா இருக்கும், ஆனா தொடக்கப்பள்ளி வாத்தியார கேளுங்க, பாதி அடிதடி பென்சில்லதான் ஆரம்பிக்கும். மிஸ் இவன் என் பென்சில எடுத்துட்டான், மிஸ் மொனை ஒடஞ்சிடுச்சு, மிஸ் சார்ப்னர் தரமாட்றா. ஒரு பிஸ்கட் டப்பால இருபது சீவுன பென்சில் வெச்சாங்க, இன்னொரு டப்பா மேல செகப்பு கூட்டல் குறி போட்டு பென்சில் ஆஸ்பத்திரின்னு எழுதுனாங்க. மொனை ஒடஞ்சா ஆஸ்பத்திரில போடு, நல்லத எடுத்துக்கோ, யாரையும் கேக்காத. இன்டர்வெல்ல மூணாவது பசங்க ரெண்டு பேர் டாக்டர், சீவி வெப்பாங்க. வேலூர் ஜில்லால பொறந்த புள்ளைங்களுக்கு ஆஸ்பத்திரி வெளாட்ட சொல்லியா குடுக்கணும், மூணாம் நாளே ஓபி சீட்டு போட ஆரம்பிச்சிட்டாங்க, டோக்கன் நம்பரோட. பென்சில் செலவு? மாசம் நூறு ரூபா கிட்ட, டீச்சர் கைக்காசு, நான் ரெண்டு மாசம் கழிச்சுதான் பங்கு குடுத்தேன், அதையும் ஒத்துக்கறேன்.

அடுத்தது சுவத்துல கீழ இருக்கற கரும்பலகை. இது ஒரு பழைய கதை. 2003-ல எம்.பி.விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரா இருந்தப்ப செயல்வழிக் கற்றல்னு ஒன்னு கொண்டு வந்தாங்க, எல்லாரும் ஏபிஎல்னு சொல்லுவோம், 2007, 2008 வாக்குல தமிழ்நாடு பூரா வந்துது. அதோட மூலம் நமக்கு பக்கத்துல, சித்தூர தாண்டி மதனப்பள்ளி கிட்ட ரிஷிவேலி பள்ளி. எந்தப் பாடம் வரைக்கும் வந்தாச்சுன்னு காட்டற ஏணிப்படி, பாட அட்டை, தரையில பாய், சுவத்த சுத்தி பசங்க ஒயரத்துக்கு கரும்பலகை, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு கட்டம். அட்டை எல்லாம் எலி கடிச்சு போச்சு, திட்டமும் போய் அடுத்தது வந்தாச்சு, கரும்பலகை மட்டும் சுவத்துல மிச்சம். எங்க பள்ளியில அதுக்கு மேல சார்ட் ஒட்டி மறைச்சு வெச்சிருந்தோம். டீச்சர் சார்ட்ட எல்லாம் கிழிச்சிட்டு, ஊமத்தை இலையும் கரியும் அரைச்சு பசங்கள விட்டே பூச வெச்சு, ஆளுக்கொரு கட்டம் பிரிச்சு நம்பர் போட்டாங்க. காலைல வந்ததும் பைய கோவில்ல எறக்கிட்டு, வருகை அட்டைய திருப்பி மாட்டிட்டு, நேரா அவங்கவங்க கட்டத்துக்கு போயிடணும், என்னா வேணா எழுது, என்னா வேணா வரை. வேலை சீக்கிரம் முடிச்சவனும் அங்கதான் போவான். அந்த பத்து நிமிஷத்துல டீச்சர் போன்ல அட்டெண்டன்ஸ் போட்டு முடிச்சிடுவாங்க. முன்னாடி இதே வேலைய நாங்க செய்றப்ப பசங்க ஹால்ல கபடி ஆடுவானுங்க, நாங்க போன்லேர்ந்து தலைய தூக்காமயே டேய் டேய்னு கத்திட்டு இருப்போம். எவ்வளவு கேவலமா இருந்திருக்கும்.

நோட்டு திருத்தறது அடுத்து. டேபிள சுத்தி இருபது பேர் முண்டியடிக்கறத பாக்காத தொடக்கப்பள்ளி ஏது. அவங்க நாற்காலிய எடுத்து என் பக்கம் தள்ளிட்டாங்க, எனக்கு ரெண்டு நாற்காலி ஆச்சு. முடிச்சவன் சிலேட்ட கவுத்து வெக்கணும், அவங்க நடந்து வந்து நிமித்தி பாப்பாங்க. ஒன்னுக்கு போறதுக்கும் அப்படித்தான், ஒருத்தன் கேட்டா அஞ்சு பேருக்கு வரும் இல்லயா, கதவுல ரெண்டு கொட்டாங்குச்சிய கயித்துல மாட்டி, எடுத்துட்டு போ, வந்து மாட்டு, ரெண்டும் இல்லன்னா வர்ற வரைக்கும் இரு, கேக்கவே வேணாம்னுட்டாங்க. இதுல ஒருத்தனும் கிளாஸ்ல தங்க மாட்டான்னு நான் அடிச்சு சொன்னேன். மொத நாள் நெஜமாவே கொட்டாங்குச்சி கயித்துல நிக்கவே இல்ல. ஒரு வாரத்துல சலிச்சு போச்சு, ஆசைக்கு போறவன் எல்லாம் நின்னுட்டான்.

அப்புறம் அவங்க குரல். கிளாஸ் சத்தமா இருக்கறப்ப நாம அதுக்கு மேல சத்தம் போடுவோம், இல்ல ஒன் டூ த்ரீ கிளாப்னு தட்டுவோம், நாலாவது தடவ அது கிளாப்பாவே போயிடும். இவங்க நடுவுல வந்து நின்னு, பக்கத்துல இருக்கறவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி, "கூரை வீட்ட பிரிச்சா ஓட்டு வீடு, ஓட்டு வீட்டுக்குள்ள வெள்ளை மாளிகை, மாளிகை நடுவுல குளம்"னு ஆரம்பிப்பாங்க. கேட்டவன் உஷ்ஷுன்னு பக்கத்துல இருக்கறவன அடக்குவான், ஏன்னா அவனுக்கு விடை சொல்லணும். ஒரு தடவதான் சொல்லுவாங்க. சொல்லிட்டு உடனே யாரையும் கேக்க மாட்டாங்க, மூணு எண்ணுவாங்க, உதடு அசையறது எனக்கு பீரோ சந்துல தெரியும். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் அம்மா இத டேப் போட்டு அளந்திருக்காங்க, கேள்வி கேட்டுட்டு டீச்சருங்க ஒரு செகண்ட் கூட பொறுக்கறதில்ல, மூணு செகண்ட் பொறுத்தா பதில் நீளமா வருது, எப்பவும் பேசாத புள்ளையும் பேசுதுன்னு. நான் என் கிளாஸ்ல செஞ்சு பாத்தேன், மூணு செகண்ட்ங்கறது வாத்தியாருக்கு எவ்வளவு பெரிய நேரம்னு செஞ்சு பாத்தாதான் தெரியும், நாக்கு தானா பதில சொல்ல வருது.

ஆகஸ்ட்ல விடுகதை தீந்து போச்சு. எல்லாத்துக்கும் விடை தெரியும், ஆரம்பிக்கறப்பவே தேங்கா மிஸ்னு கத்திடுவானுங்க. டீச்சர் உங்க ஆயாவ கேட்டுட்டு வாங்கன்னு வீட்டு வேலை குடுத்தாங்க. பீடி சுத்தற ஆயாங்ககிட்ட இல்லாத விடுகதையா, மறுநாள் மூட்டையா வந்துது, அதுல நாலஞ்சு கிளாஸ்ல சொல்ல முடியாதது வேற. இந்த எடத்துலதான் தெலுங்கு பையன் ஒருத்தன சொல்லணும். ரெண்டாவது படிக்கறான், எப்பவும் பக்கத்து சிலேட்ட எட்டி பாப்பான், பாத்துதான் எழுதுவான், காப்பி அடிக்கறான்னு பழைய டீச்சர் தனியா உக்கார வெச்சிருந்தாங்க, உக்கார வெச்சா எழுந்து ஓடுவான். நானும் அவன திருட்டுப்பயன்னுதான் வெச்சிருந்தேன். நோட்ட எடுத்துங்க, பதிமூணாம் பக்கம், ரெண்டாவது கணக்குன்னு தமிழ்ல சொன்னா அவனுக்கு மொத வார்த்தை புரியறதுக்குள்ள மூணாவது போயிடுது, அதான் பக்கத்துல பாக்கறான். அவன் ஆயா சொன்ன விடுகதைய தெலுங்குலயே சொன்னான், விடை தொடப்பம். தமிழ் பசங்கள்ல பாதி பேருக்கு தெலுங்கு காது உண்டு, சிரிச்சானுங்க, அவன் காலர தூக்கி விட்டுக்கிட்டான். அதுக்கப்புறம் டீச்சர் எத சொன்னாலும் மொதல்ல பக்கத்தோட நம்பர போர்டுல எழுதி, நோட்ட தூக்கி காட்டி, அப்புறம் வாயில சொல்ல ஆரம்பிச்சாங்க. அவனுக்காக செஞ்சது, ஒன்னாவது பசங்க பூரா அதுல பொழச்சுக்கிச்சு.

இன்னொரு பையன், பல்பம் திங்கறவன். சாக்பீஸ், சுண்ணாம்பு, சுவத்து காரை எதுவா இருந்தாலும். பதினொரு மணிக்கு மேல ஒரு எடத்துல உக்கார மாட்டான், சுத்திட்டே இருப்பான், போறப்ப வர்றப்ப ரெண்டு பேர தட்டிட்டு போவான். டீச்சர் நோட்டுல அவன் பேர் வர்ற நேரம் எல்லாம் பதினொன்னுக்கும் பன்னண்டரைக்கும் நடுவுல. வீட்ல விசாரிச்சா, அம்மா காலைல ஷூ கம்பெனி வேன் புடிச்சிடுது, காலை சாப்பாடு டீயும் ரெண்டு பொறையும். பல்பம், மண்ணு திங்கறது இரும்புச்சத்து கம்மியோட சேந்து வர்ற விஷயம், பள்ளிக்கு வர்ற மருத்துவக்குழுகிட்ட காட்டுனோம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்தம் பாத்து டானிக் குடுத்தாங்க. அதே நேரம் ஆகஸ்ட் 25-ல முதலமைச்சர் காலை உணவு திட்டம் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துது. திங்கக்கிழமை உப்புமா, புதன்கிழமை பொங்கல், இவன் ரெண்டு தடவ வாங்குவான். எதுனால மாறுனான்னு எனக்கு பிரிச்சு சொல்ல தெரியாது, டானிக்கா பொங்கலா ரெண்டுமா. செப்டம்பர் கடைசில பதினொரு மணி சுத்தல் பாதியா கொறஞ்சுது. இவனத்தான் நான் போன வருஷம் மதியானம் வரைக்கும் முட்டி போட வெச்சேன், பசியோட.

தோத்ததையும் எழுதணும். ஜூலைல டீச்சர் ஸ்டார் சார்ட் ஒட்டுனாங்க, ட்ரெய்னிங்ல யாரோ சொல்லி. நல்லா இருந்தா ஒரு ஸ்டார். பத்து நாள்ல ஸ்டார் எண்ணறதே கலாட்டா ஆயிடுச்சு, ஒருத்தி இன்னொருத்தி ஸ்டார சொரண்டி எடுத்து தன் பேருக்கு நேரா ஒட்டிட்டா, ஒரு அம்மா பீடி முறத்த கீழ வெச்சிட்டு வந்து, "இன்னா மே, எம்புள்ளைக்கு மட்டும் ஏன் நட்சத்திரம் இல்ல, நாங்க இன்னா கொறஞ்சவங்களா"ன்னு சண்டை. சார்ட்ட எடுத்துட்டாங்க. ஸ்டார்ல எனக்கு எப்பவுமே நம்பிக்கை இல்ல, இந்த ஒரு விஷயத்துல நான் சொன்னது பலிச்சுதுன்னு கொஞ்சம் சந்தோஷம் கூட பட்டேன்.

எண்ணும் எழுத்தும்னு அரசோட தொடக்கப்பள்ளி திட்டம், அதுல பசங்கள படிப்பு நிலைப்படி குழு பிரிக்கறதுல வேற ஒரு சிக்கல். கீழ்லேர்ந்து மேல அரும்பு, மொட்டு, மலர்னு அழகா பேர் வெச்சிருக்காங்க, பசங்க மூணு நாள்ல அத திட்டற வார்த்தையா மாத்திட்டானுங்க, போடா அரும்புன்னா அழுதுட்டே வர்றான். அவங்க தமிழுக்கு ஒரு குழு, கணக்குக்கு வேற குழுன்னு கலைச்சாங்க. அந்த தெலுங்கு பையன் தமிழ்ல அரும்பு, கணக்குல மலர். திட்டுனவன் கணக்குக்கு இவன்கிட்டதான் வந்து நிக்கணும். திட்டு முழுசா நிக்கல, கொறஞ்சுது.

ஆன்லைன் மதிப்பீடுதான் பெரிய ரோதனை. எங்க ஹால்ல சிக்னல் வராது, வேப்பமரத்தடியில ஒரு எடத்துல மட்டும் ரெண்டு புள்ளி வரும். டீச்சர் போனோட அங்க ஒவ்வொரு புள்ளையா கூட்டி வெச்சிட்டு நிப்பாங்க, அந்த நேரம் நான் ரெண்டு பக்கமும் பாக்கணும். அக்டோபர்ல ஒரு நாள் அப்படி போய் நின்னேன், பழக்கதோஷம், சத்தமா "எல்லாரும் கணக்கு நோட்ட எடு"ன்னு ஒரு அதட்டு. மூணாவது பொண்ணு ஒன்னு எழுந்து வந்து, "சார் நீங்க உக்காருங்க சார், நாங்களே ஆரம்பிச்சிடுவோம், நீங்க கத்துனா சின்ன புள்ளைங்க அழும்"னுச்சு. உக்காந்தேன். வாட்ச் பாத்தேன். தமிழ் எடுத்து வெச்சு கணக்கு ஆரம்பிக்க மூணு நிமிஷம் ஆச்சு. ஜூன்ல நான் பீரோ இந்தப் பக்கத்துலேர்ந்து கடுப்புல பாத்து வெச்சிருந்த கணக்கு பதினாலு நிமிஷம்.

இதுல ஒரு குறையும் இருக்கு. இது எல்லாம் ஓடணும்னா தெனம் ஓடணும். பொங்கல் லீவு முடிஞ்சு ஜனவரில வந்தா பாதி மறந்து போச்சு, பென்சில் ஆஸ்பத்திரி டப்பாவ யாரோ வீட்டுக்கு எடுத்துட்டு போய் மாட்டுப்பொங்கலுக்கு கலர்பொடி போட்டு வெச்சிருக்காங்க. மறுபடி ஒரு வாரம் மொதல்லேர்ந்து. டீச்சர் ரெண்டு நாள் ட்ரெய்னிங் போனப்ப பக்கத்து பள்ளிலேர்ந்து ஒரு சார் வந்தாரு, கொட்டாங்குச்சிய பாத்துட்டு இன்னா சார் இது பிச்சை எடுக்கற மாதிரின்னு கழட்டி வெச்சாரு, அன்னைக்கு பூரா சார் ஒன்னுக்கு சார் ஒன்னுக்குதான். நானும் நாலு அஞ்சாவதுக்கு எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கல. விடுகதை பெரிய பசங்ககிட்ட எடுபடல, அவனுங்களுக்கு விடுப்பு எடுத்த அன்னைக்கு நடந்த கிரிக்கெட் ஸ்கோர்தான் வேணும். நோட்டுல நாலு கட்டம் போட்டு எழுதறத மட்டும் எடுத்துக்கிட்டேன், அதுல என் கிளாஸ்ல கலாட்டாவுக்கு முன்னாடி நடந்தது பாதி தடவ நான் போன் பேச வெளிய போனதுதான்னு வந்துது.

மதியானம் ரெண்டு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் எதுவும் பலிக்கல, அவங்களுக்கும் சரி எனக்கும் சரி. சாம்பார் சாதமும் முட்டையும் உள்ள போயிருக்கும், பிப்ரவரிலயே வேலூர் வெயில் ஆரம்பிச்சிடும், கரெண்ட் போனா ஃபேனும் நிக்கும். பாட்டு, கதை, களிமண் எல்லாம் போட்டு பாத்தாங்க. கடைசில ஒன்னாவது பசங்கள பாய்ல படுக்க விட்டுட்டாங்க, தூங்கறவன் தூங்கட்டும்னு. அந்த நேரம் பாத்து மேலேர்ந்து பார்வைக்கு வந்தவங்க ரெண்டு புள்ளைங்க தூங்கறத பாத்துட்டு பார்வைப் புத்தகத்துல எழுதிட்டாங்க, கற்றல் நேரத்தில் மாணவர்கள் உறங்கினர்னு. ஹெச்.எம்மா நான்தான் விளக்கம் எழுதணும். அஞ்சரை வயசு, காலைல ஆறு மணிக்கு எழுந்தது, மதியம் ரெண்டே கால், வெயில் இவ்வளவுன்னு எழுதி கையெழுத்து போட்டு குடுத்தேன். பழைய ஆளா இருந்திருந்தா டீச்சர்கிட்ட விளக்கம் கேட்டு மெமோ குடுத்திருப்பேன்.

2024 ஜூன்ல ஒன்னாவதுக்கு ஒம்பது பேர் புதுசு. மொத நாள் டீச்சர் பஸ் லேட்டு, நான்தான் வாசல்ல நின்னேன். புதுசா வந்த ஒருத்தன் பைய தலைல தூக்கிட்டு நிக்கறான், வைகாசி போய் ஆனி வரப்போவுது. கோவில் எங்க கீதுன்னு கேக்கலாம்னு நான் வாய தொறக்கறதுக்குள்ள, போன வருஷத்து பல்பம் பையன் அவன் கைய புடிச்சு இழுத்துட்டு அலமாரிக்கு போயிட்டான், பின்னாடி ஒருத்தன் தட்ட அடிச்சிக்கிட்டே.